ஆமைக்கு ஒரு டர்போ

பெக்கெட் க்ரீக், ஐடஹோ
ஏப்ரல் 7, 1996

அன்புள்ள ட்வைலா,

நான் நலம், மார்லிஸ் நலம், நாய்க்கு மட்டும் காதில் புண். நீ எப்படி இருக்கிறாய்? அந்த மீன் தொழிற்சாலையில் இன்னும் காற்று ஆளைத் தூக்கி அடிக்கிறதா? கிறிஸ்துமஸுக்கு நாலு வரி எழுதினாய். அதில் மூன்று வரி மீன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்த் தீயணைப்பு லாரி ஆமையை நீ மறந்திருக்க மாட்டாய். இங்கே இருந்தவரை அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவள் நீதானே. எண்பத்தாறாம் வருடத்து டீசல் இஞ்சின், முதுகில் முழுத் தண்ணீர்த் தொட்டி. சமதரையில் ஓடும். சாடில் மேட்டில் ஏறச் சொன்னால் மூச்சு வாங்கும். போன ஆகஸ்டில் லீலண்ட் ரெய்னர் வீடு பற்றி எரிந்தபோது ஆறு மைல் மேட்டுக்கு முப்பத்தொரு நிமிடம் ஆயிற்று. கடைசி வளைவில் நம் ஆட்கள் இருவர் பொறுக்கமாட்டாமல் குதித்து ஓடி, லாரிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போய் என்ன செய்ய? கையில் தண்ணீர் இல்லை. வீடும் ஆட்டுக்கொட்டகையும் சாம்பலாகின.

லீலண்ட் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதே இடத்தில் மறுபடி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் நடக்கும் பான்கேக் விருந்துக்கு அவரே வந்து மாவு கலக்குகிறார். எனக்கு அந்த பான்கேக் தொண்டையில் இறங்குவதில்லை.

ஸ்போகேன் பக்கம் பழைய வண்டிகளைப் பிரிக்கும் ஓரிடத்தில் ஆமைக்குப் பொருந்தும் டர்போ கிட் ஒன்று கிடைத்திருக்கிறது. கூட வந்த புத்தகத்தில் பாதியை எலி தின்றுவிட்டது. பக்கத்து மெக்கானிக் தொண்ணூறு மைல் தள்ளி இருக்கிறார், செப்டம்பர் வரை நேரமில்லை என்கிறார். ஜூலையில் காடு காய்ந்துவிடும். அதனால் நானே பூட்டப் போகிறேன். சிரிக்காதே. எப்படி என்று எழுது. போன் வேண்டாம், எழுத்தில் இருந்தால்தான் என் மண்டையில் ஏறும்.

உன்னைவிடப் பதினோரு நிமிடம் இளையவன்,
வெர்லின்


டச் ஹார்பர், அலாஸ்கா
ஏப்ரல் 20

அன்புள்ள வெர்லின்,

நலம். கை மட்டும் எவ்வளவு சோப்புப் போட்டாலும் மீன் நாறுகிறது. நாயின் காதுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வை.

சிரிக்காதே என்றாய். முடியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் உன் கடிதத்தைப் படித்துச் சிரித்து, பக்கத்து மேசைக்காரன் "என்ன, சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டுவிட்டான். சைக்கிள் செயினை மாட்டத் தெரியாமல் தோளில் தூக்கி வந்தவன் நீ!

ஆனால் ரெய்னர் வீட்டுச் செய்தியைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. எழுதுகிறேன், ஒழுங்காகக் கேள். வீணாகிற புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுழன்று, இஞ்சினுக்குள் காற்றை அடைக்கும். அவ்வளவுதான் டர்போ. காற்று கூடினால் இன்னும் கொஞ்சம் டீசலை எரிக்கலாம், வண்டி இழுக்கும். பேராசைப்பட்டு டீசலைக் கூட்டினால் பிஸ்டன் உருகும். அதனால் முதல் வேலை புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர். எக்ஸாஸ்ட்டில் அதற்குத் துளை போடும்போது டிரில்லில் கிரீஸ் தடவு, இரும்புத்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். துளை போட்ட பிறகுதான் டர்போவை மாட்ட வேண்டும், முன்னால் அல்ல. அடுத்து எண்ணெய்க் குழாய். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் நேரே கீழே சரிய வேண்டும். வளைத்து நெளித்து வைத்தாயோ தொலைந்தாய்.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த இஞ்சின் பக்கம் உன் வீட்டில் வேறு யார் கையும் வரக்கூடாது. யாரைச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும், உன் மனைவியைத்தான். ஆறு வருடத்துக்கு முன் நன்றி நவிலல் நாளன்று என் ஆமையின் டீசல் டாங்கில் பெட்ரோலை ஊற்றி வைத்த கை அது. நான் அன்று சொன்னதுதான் இன்றும்: கத்தரிக்கோல் பிடிக்கிற கை கத்தரிக்கோலையே பிடிக்கட்டும்.

அக்கறையுடன்,
ட்வைலா


பெக்கெட் க்ரீக்
மே 4

அன்புள்ள ட்வைலா,

எல்லோரும் சௌக்கியம். நாயின் காது ஆறிவிட்டது, உப்புத் தண்ணீருக்கு நன்றி. உங்கள் பக்கம் மூடுபனி, விமானம் இறங்கவில்லை என்று தபால்காரர் சொன்னார். கடிதம் அதனால்தான் தாமதமாம்.

வேலை ஆரம்பமாகிவிட்டது. கழற்றிய நட்டு போல்ட்டுகளையெல்லாம் மஃபின் சுடும் தட்டுகளில் குழிக்கு ஒரு வகையாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு குழியிலும் எண்ணிக்கை எழுதிய துண்டுக் காகிதம். இணைப்புகளுக்கு நடுவே இருந்த பழைய கேஸ்கெட் தகடுகளைப் பழுப்புக் காகிதத்தில் வைத்து வரைந்து வெட்டி, புதியதோடு பொருத்திப் பார்த்ததில் ஒன்று எட்டில் ஒரு அங்குலம் தவறாக இருந்தது. அதை மாற்றி வாங்கியாயிற்று. எண்ணெய் திரும்பும் குழாய் இரண்டு வழியாகப் போகலாம். படம் வைத்திருக்கிறேன். இடப்பக்க வழி குட்டை, ஆனால் புகைக்குழாயின் சூடு படும். வலப்பக்கம் கொஞ்சம் நீளம், சரிவு நன்றாக இருக்கிறது. எது நல்லது?

இன்னொன்று. பின்பக்கம், ஓட்டுநர் அறையின் சுவரை ஒட்டி ஒரு போல்ட் இருக்கிறது. அதை எடுக்காமல் டர்போ உட்காராது. இஞ்சினையே இறக்காமல் அதை எடுத்தவர்கள் உண்டா?

நிலையத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, "வெர்லின், இதென்ன வண்டி வேலையா, கல்யாணக் கேக் வேலையா?" என்கிறார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுகிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
வெர்லின்


டச் ஹார்பர்
மே 15

அன்புள்ள வெர்லின்,

இங்கே குளிர் விட்டபாடில்லை, இருமலும் விட்டபாடில்லை. மற்றபடி நலம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குழாய்ப் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். என் கீழே வேலை செய்யும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, "பாருங்கடா, வேலைன்னா இப்படி இருக்கணும்" என்றேன். பத்து வருட அனுபவக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள், முதலில் பூட்டிவிட்டு அப்புறம் புகையைப் பார்த்து முழிப்பார்கள். வலப்பக்கமே சரி. நீயே கண்டுபிடித்துவிட்டுத்தான் என்னைக் கேட்கிறாய் என்று நினைக்கிறேன்.

அந்தப் பின்பக்க போல்ட்டா? எமன். என் கையே இரண்டு முறை தோலுரிந்து வெளியே வந்தது. சின்னக் கையும் பெரிய பொறுமையும் வேண்டும். உனக்கு இரண்டும் கிடையாது. இஞ்சினை இறக்கிவிடு.

இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் நகப்பூச்சால் ஒரு கோடு இழு, நட்டிலிருந்து அடித்தகடு வரை. கோடு பிசகினால் நட்டு தளர்ந்துவிட்டது என்று பார்த்தவுடன் தெரியும். நான் சிவப்பு வைப்பேன். அந்தப் பக்கத்திலேயே சிவப்பு வைக்கிற ஒரே மெக்கானிக் நான்தான்.

வெர்லின், உனக்கு எப்போதிலிருந்து மஃபின் தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியும்?

ட்வைலா


பெக்கெட் க்ரீக்
மே 27

அன்புள்ள ட்வைலா,

இருமலுக்குத் தேனும் இஞ்சியும் குடி. நாங்கள் நலம்.

அந்த போல்ட் வந்துவிட்டது! இஞ்சினை இறக்கவில்லை. முழங்கை வரை உள்ளே விட்டு, ஸ்பேனரைப் பாதி பாதித் திருப்பாகத் திருப்பி, நாற்பது நிமிடம். ஒரு கீறல்கூட இல்லை. டர்போ உட்கார்ந்துவிட்டது. நகப்பூச்சும் வைத்தாயிற்று, வீட்டில் ரோஸ்தான் இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். மேல் குழாயை மாட்டும்போது ஏழாம் குழியில் ஆறு நட்டு இருக்க வேண்டும், ஐந்துதான் இருக்கிறது. சாப்பிடப் போனபோது இஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாய் கொஞ்ச நேரம் திறந்து கிடந்தது. அதற்குள் விழுந்திருக்குமோ என்று பயம். காந்தக் குச்சி விட்டுத் துழாவியதில் ஒன்றும் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்? உடனே எழுது.

வெர்லின்


பெக்கெட் க்ரீக்
ஜூன் 15

அன்புள்ள ட்வைலா,

உடம்பு தேவலையா? உன்னிடமிருந்து பதிலே இல்லை. மூடுபனியா, கோபமா?

இங்கே புல் மஞ்சளாகிவிட்டது. லீலண்ட் வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. நிலையத்து ஆட்கள் தினமும் வந்து, "ஒரு நட்டுக்காக இவ்வளவு அழும்பா? தரையில எங்கயாவது உருண்டு போயிருக்கும். செல்ஃப் அடி, ஓடினா ஓடட்டும்" என்கிறார்கள். நேற்று ஒருவன் ஓட்டுநர் இருக்கையில் ஏறியே விட்டான். நல்ல வேளை, சாவி அதில் இல்லை. சமையலறையில் மாவு டப்பாவின் அடியில் இருக்கிறது.

நட்டு எங்கே என்று தெரியாமல் இந்த இஞ்சினை யாரும் தொடக்கூடாது என்று சொல்லியாயிற்று. ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

வெர்லின்


டச் ஹார்பர்
ஜூன் 16

அன்புள்ள வெர்லின்,

இந்தத் தடவை பதில் தாமதமானதற்கு மூடுபனி காரணம் இல்லை. உன் கடிதம் பத்து நாளாக என் தலையணைக்கடியில் இருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வீம்புதான்.

உன் கை ரொட்டி அடுப்பின் கதவு மாதிரி. அந்தச் சந்தில் உன் கட்டைவிரல்கூட நுழையாது. ஒரு கீறலும் இல்லாமல் அந்த போல்ட்டை எடுத்தது நீயில்லை. எட்டில் ஒரு அங்குலத்தைக் கண்ணால் பிடித்ததும் நீயில்லை. பழுப்புக் காகிதத்தில் வடிவம் வெட்டுகிறவள் உங்கள் ஊரில் ஒருத்திதான், கல்யாண கவுன் தைக்கிறவள். தெரிந்த அன்றைக்கே எனக்கு ரத்தம் கொதித்தது. ஏமாற்றிவிட்டாயே என்று மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். நாலாவதாக எழுதும்போது சுவரிலிருந்த படத்தைப் பார்த்தேன். அதையும் கிழித்துவிட்டேன்.

கோபம் என் பாடு. நட்டு அவசரம். அதனால் இதை அவளிடம் சொல்: செல்ஃப் அடிக்கவே கூடாது. அந்த நட்டு உள்ளே இருந்தால் இஞ்சின் முதல் நிமிடத்திலேயே போய்விடும். காற்று போகும் மேல் பாகம் முழுவதையும் கழற்றி எடுத்து, உள்ளே ஒவ்வொரு மூலையையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். டீசல் குழாய் எட்டையும் எடுக்க வேண்டும், பெரிய வேலை. அங்கே ஆண்கள் அவசரப்படுத்துவார்கள், கேட்க வேண்டாம் என்று சொல். அவளுக்கு அது தெரிந்துதான் இருக்கும்.

அந்தக் கைக்கு என் சலாம்.
ட்வைலா


பெக்கெட் க்ரீக்
ஜூன் 30

அன்புள்ள ட்வைலா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வெர்லின் நலம், உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து நிம்மதியாகத் தூங்குகிறார். பாவம், ஒவ்வொரு கடிதத்தையும் நான் சொல்லச் சொல்ல எழுதிவிட்டு, "இத்தனை பொய்க்கு நரகத்துல எனக்குத் தனி அறைதான்" என்று புலம்புவார். அந்தப் பாவம் என்னுடையது. என் கை இருக்கிறது என்று தெரிந்தால் நீ ஒரு வரி எழுத மாட்டாய் என்று நினைத்தேன். எனக்கு உன் வரிகள் வேண்டியிருந்தன. ரெய்னர் வீடு எரிந்த அன்று ஆமையில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த முப்பத்தொரு நிமிடமும் மேலே புகை தெரிந்துகொண்டே இருந்தது.

உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்பே மேல் பாகத்தைக் கழற்றிவிட்டேன். வேறு வழி இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. தவறான ஒரு தையல் எங்கே என்று தெரியாவிட்டால் மொத்தத்தையும் பிரிப்பதுதான் வழக்கம். எங்கள் ஆறாவது நட்டு அதில் இல்லை. அது மறுநாள் வெர்லினின் கால்சட்டை மடிப்பிலிருந்து சலவை இயந்திரத்தில் விழுந்தது.

ஆனால் உள்ளே வேறொரு நட்டு இருந்தது. பழையது. மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் வழியில், ஒரு பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் புதைந்து கிடந்தது. இத்தனை நாள் அசையாமல் இருந்திருக்கிறது. டர்போ காற்று ஊதியிருந்தால் முதல் மேட்டிலேயே உள்ளே போயிருக்கும். அதன் ஒரு பக்கத்தில் சிவப்பாக ஒட்டியிருந்ததைத் துடைத்துவிட்டு, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நிலையத்து ஆட்கள் யாரும் பார்க்கவில்லை.

உன் பதில் வந்ததும் முதல் செல்ஃப். டீசல் பம்புக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, எண்ணெய் டர்போவுக்கு ஏறும்வரை வெறுமனே சுற்றவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

மரியாதையுடன்,
மார்லிஸ்


டச் ஹார்பர்
ஜூலை 10

அன்புள்ள மார்லிஸ்,

இந்தப் பெயரை நான் எழுதி ஆறு வருடம் ஆகிறது. நலமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன், நலமா?

ஒயர் விஷயம் சரி. நூற்றுக்கு நூறு சரி.

அந்த நட்டு என்னுடையது. எண்பத்தெட்டு ஜூனில் ஏர் ஃபில்டரை மாற்றும்போது கையிலிருந்து நழுவியது. அரை மணி நேரம் தேடினேன். அன்று ஊர் அணிவகுப்பு, எல்லோரும் லாரிக்காகக் காத்திருந்தார்கள். தரையில் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேறு நட்டு போட்டு ஸ்டார்ட் செய்தேன். ஓடியது. அப்படியே விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நீ துடைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். என் மானத்தையும் சேர்த்துத் துடைத்துக் காப்பாற்றியிருக்கிறாய்.

நீ பெட்ரோல் ஊற்றிய அன்று ஐந்து நிமிடத்தில் உள்ளே ஓடி வந்து, சாப்பாட்டு மேசையில் பதினாலு பேர் முன்னால், "தப்பு பண்ணிட்டேன், ட்வைலா. இன்னும் ஸ்டார்ட் பண்ணல. என்ன செய்யணும்னு சொல்லு" என்றாய். டாங்கை வடித்தோம், வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குத்தான் நான் உன்னை அந்தப் பேச்சுப் பேசினேன், இஞ்சினுக்குள் என் நட்டை வைத்துக்கொண்டு! மன்னித்துவிடு. இதை வெர்லினிடம் காட்டு, நிலையத்திலும் படித்துக் காட்டு. நட்டைக் குப்பையில் எறி.

இருபது வருடத்தில் நிறைய மெக்கானிக்குகளைப் பார்த்துவிட்டேன், மார்லிஸ். ஒரு நட்டு குறைகிறது என்பதற்காக ஊர் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு சாவியை மாவு டப்பாவில் ஒளித்து வைத்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். அன்றைக்கு நான் அதைச் செய்திருக்க வேண்டும்.

உன் நாத்தனார்,
ட்வைலா


பெக்கெட் க்ரீக்
ஆகஸ்ட் 19

அன்புள்ள ட்வைலா,

எல்லோரும் உயிரோடு, நலமாக, கரி பூசிக்கொண்டு இருக்கிறோம். இருமல் போயிற்றா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாடில் மேட்டில் இடி விழுந்தது. ரெய்னர் வீட்டுக்குப் பின்னால் பைன் மரங்கள் பிடித்துக்கொண்டன. மார்லிஸ்தான் ஓட்டினாள். சூட்டு மீட்டரின் முள் எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கதவைப் பிடித்துக்கொண்டேன், ஜெபமும் செய்தேன். முழுத் தொட்டி. மேடு ஆரம்பித்ததும் பழக்க தோஷத்தில் கண்ணை மூடினேன். ஒரு விசில் சத்தம் கிளம்பியது, ட்வைலா! ஆமை முன்னால் பாய்ந்தது. முதுகு இருக்கையில் அழுந்தியது. முள் ஏறும்போதெல்லாம் அவள் காலைக் கொஞ்சம் எடுப்பாள், இறங்கினால் மிதிப்பாள். பதினோரு நிமிடம்! நீ எனக்கு மூத்தவளான அதே பதினோரு நிமிடம்.

வீடு நிற்கிறது. ஆட்டுக்கொட்டகையின் ஒரு மூலை கருகியது, அவ்வளவுதான். லீலண்ட் தோட்டத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர், எங்களைப் பார்த்து, "இன்னும் இருபது நிமிஷம் கழிச்சுத்தான் வருவீங்கன்னு நெனச்சேனே" என்று சொல்லிவிட்டு அழுதார். போன வருடம் குதித்து ஓடிய இருவரும், "நாங்க குதிக்கலாம்னு பார்த்தோம். குதிச்சிருந்தா இன்னும் நடந்து வந்துட்டு இருப்போம்" என்கிறார்கள்.

உன் கடிதத்தை நிலையத்தில் படிக்கச் சொல்லியிருந்தாய். மார்லிஸ் தர மாட்டேன் என்கிறாள். மீதியை அவளே எழுதுகிறாளாம்.

பெருமையில் வெடிக்கப் போகும்,
வெர்லின்


அதே நாள், அதே காகிதத்தின் பின்பக்கம்

அன்புள்ள ட்வைலா,

தீ அணைந்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் உள்ளே கையை விட்டு இஞ்சினை நிறுத்தப் போனான். "கையை எடு. டர்போ சூடு தணியட்டும், இன்னும் நாலு நிமிஷம்" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் எடுத்துவிட்டான். அந்த நாலு நிமிடமும் ஓட்டுநர் இருக்கையில் தனியாக உட்கார்ந்து உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டப் போவதில்லை. அது எனக்கு வந்த கடிதம்.

நட்டையும் எறியவில்லை. சூட்டு மீட்டரைத் தாங்கும் தகட்டை அதை வைத்துத்தான் முடுக்கியிருக்கிறேன், மரை சரியாகப் பொருந்தியது. இனி அது நழுவினாலும் என் மடியில்தான் விழும். வண்டியிலிருக்கும் மற்ற எல்லா நட்டிலும் ரோஸ் கோடு போட்டாயிற்று. அதில் மட்டும் இன்னும் போடவில்லை.

நவம்பரில் நன்றி நவிலல் நாளுக்கு லீவு கேள். வான்கோழியை ரெய்னர் வீட்டுப் புது அடுப்பில் வைக்கிறோம், பதினாறு பேர். வரும்போது உன் சிவப்புப் புட்டியை எடுத்து வா.

மார்லிஸ்